தேதிச் சரங்களைப் பகுத்தலும் சரிபார்த்தலும் (பைத்தான்)

தேதிச் சரம் என்பது ஒரு நாளைக் குறிப்பதற்காக எண்களாலும் எழுத்துகளாலும் அமைந்த தொடர் ஆகும். "04/03/2021", "2021-03-04", "4 மார்ச் 2021" ஆகியவை தேதிச் சரங்கள். இலங்கைத் தமிழில் தேதி என்பதைத் திகதி என்பர். இத்தகைய சரத்திலிருந்து நாள், மாதம், ஆண்டு ஆகிய மூன்றையும் பிரித்தெடுத்து, கணினி கணக்கிடத்தக்க தேதியாக மாற்றுவது பகுத்தல் எனப்படும். அந்தத் தேதி நாட்காட்டியில் உண்மையிலேயே உண்டா, கேட்கப்பட்ட இடத்துக்கு அது பொருந்துமா என்று உறுதிசெய்வது சரிபார்த்தல் எனப்படும்.

விண்ணப்பப் படிவம், மருத்துவமனைப் பதிவேடு, வங்கிக் கணக்கு, தேர்வு முடிவுகள் என எங்கும் தேதிகள் முதலில் சரங்களாகவே கணினிக்குள் வருகின்றன. அவற்றைத் தவறாகப் படித்தால் ஒருவரின் வயதே மாறிவிடும். இக்கட்டுரை பைத்தான் நிரல்மொழியைக் கொண்டு இப்பணியை விளக்குகிறது. ஆங்கில எழுத்துகளில் எழுதப்படும் கட்டளைச் சொற்கள் இங்கே ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன.

சரம் வேறு, தேதி வேறு

மனிதர் கண்ணுக்கு "10/01/2021" ஒரு தேதி. கணினிக்கு அது பத்து எழுத்துருக்கள் கொண்ட ஒரு சரம் மட்டுமே. இரண்டு சரங்களை ஒப்பிடும்போது கணினி இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்துருவாகப் பார்க்கும். ஆகவே "10/01/2021" என்னும் சரத்தை "09/12/2021" என்பதற்குப் பின்னால் வைக்கும். சனவரி மாதத்து நாள் திசம்பர் மாதத்து நாளுக்குப் பின்னால் போய்விடுகிறது. இரண்டு சரங்களுக்கு இடையே எத்தனை நாட்கள் என்று கழித்துப் பார்க்கவும் முடியாது. எனவே உள்ளே வந்ததும் சரத்தைத் தேதியாக மாற்றிவிடுவதே முறை.

சரிபார்ப்பில் மூன்று கேள்விகள்

ஒரு தேதிச் சரம் சரியானதா என்னும் ஒரே கேள்விக்குள் மூன்று தனிக் கேள்விகள் அடங்கியுள்ளன.

1. வடிவம்: எதிர்பார்த்த வரிசையிலும் எதிர்பார்த்த பிரிப்புக் குறிகளுடனும் சரம் அமைந்துள்ளதா?
2. இருப்பு: அந்த நாள் நாட்காட்டியில் உண்டா?
3. பொருத்தம்: அந்த நாள் இந்த இடத்துக்கு ஏற்றதா?

"31/04/2021" முதல் கேள்வியில் தேறும், இரண்டாவதில் தோற்கும். ஏப்ரலுக்கு 30 நாட்களே. "15/08/2090" முதல் இரண்டிலும் தேறும். ஆனால் அது பிறந்த தேதிக்கான கட்டத்தில் இருந்தால் மூன்றாவதில் தோற்கும். மூன்றையும் ஒரே சோதனையில் முடித்துவிடலாம் என்று எண்ணுவதே பெரும்பாலான பிழைகளுக்குத் தொடக்கம்.

பைத்தானில் பகுக்கும் முறை

பைத்தானுடன் சேர்ந்தே வரும் டேட்டைம் என்னும் தொகுதியில் ஸ்டிர்பிடைம் என்னும் செயற்கூறு உள்ளது. இதற்கு இரண்டு உள்ளீடுகள்: ஒன்று சரம், மற்றொன்று அச்சரத்தின் வடிவம். வடிவத்தைச் சொல்ல விழுக்காட்டுக் குறியும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்த குறிகள் பயன்படுகின்றன.

- %டி (சிறிய எழுத்து): மாதத்தின் நாள்
- %எம் (சிறிய எழுத்து): மாத எண்
- %எம் (பெரிய எழுத்து): நிமிடம்
- %ஒய் (பெரிய எழுத்து): நான்கு இலக்க ஆண்டு
- %ஒய் (சிறிய எழுத்து): இரண்டு இலக்க ஆண்டு
- %பி (பெரிய எழுத்து): மாதத்தின் முழுப்பெயர்

நாள், சாய்கோடு, மாதம், சாய்கோடு, நான்கு இலக்க ஆண்டு என்னும் வடிவத்தைக் கொடுத்து "04/03/2021" என்னும் சரத்தைப் பகுத்தால், 2021 மார்ச் 4 என்னும் தேதி கிடைக்கும். சரம் வடிவத்துடன் பொருந்தாவிட்டாலோ, அத்தகைய நாள் இல்லாவிட்டாலோ வேல்யூ எர்ரர் என்னும் பிழை எழும். ஆக, முதல் இரண்டு கேள்விகளுக்கும் இந்தச் செயற்கூறு விடையளித்துவிடுகிறது. மூன்றாவது கேள்வி நிரல் எழுதுபவரின் பொறுப்பு.

இதன் எதிர்ச்செயல் ஸ்டிர்எஃப்டைம். தேதியைக் கொடுத்தால் கேட்ட வடிவத்தில் சரமாக எழுதித்தரும். இரண்டின் பெயரும் ஒரே மாதிரி இருப்பதால் தொடக்கநிலை மாணவர் குழம்புவதுண்டு. நடுவில் உள்ள 'பி' பகுப்பதையும் 'எஃப்' வடிவமைப்பதையும் குறிக்கின்றன என்று நினைவில் கொள்ளலாம்.

பிழை சொல்லாத பிழை

மாதத்துக்குச் சிறிய 'எம்', நிமிடத்துக்குப் பெரிய 'எம்' என்பதை மறந்து, மாதம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எழுத்தை இட்டுவிட்டால் என்ன நடக்கும்? பைத்தான் பிழை எதுவும் சொல்லாது. "04/03/2021" என்பதில் உள்ள 03 என்பதை நிமிடமாக எடுத்துக்கொள்ளும். மாதம் எங்கும் சொல்லப்படாததால் சனவரி என்று தானே நிரப்பிக்கொள்ளும். விடை: 2021 சனவரி 4, நள்ளிரவு கடந்து 3 நிமிடம். நிரல் நின்றுபோகாது. பதிவேட்டில் உள்ள ஒவ்வொருவரும் சனவரியில் பிறந்தவராகிவிடுவார்.

தேதிகளைக் கையாள்வதில் அறிய வேண்டிய முதன்மையான கருத்து இதுவே. பிழைச் செய்தி தந்து நின்றுவிடும் நிரலால் பெரிய தீங்கு இல்லை. அதை உடனே திருத்தலாம். தவறான தேதியைச் சரியென ஏற்று மேலே செல்லும் நிரலே தீங்கு விளைவிக்கும்.

சில நிரல்மொழிகளில் இந்த நெகிழ்வு திட்டமிட்டே வைக்கப்பட்டுள்ளது. ஜாவா மொழியின் பழைய சிம்பிள்டேட்ஃபார்மட் என்னும் கருவி, வேறு கட்டளை இடாதவரை, 2021 பிப்ரவரி 30 என்பதை மறுக்காது. பிப்ரவரி 28-க்குப் பின் இரண்டு நாட்களை எண்ணி மார்ச் 2 என்று எடுத்துக்கொள்ளும். பைத்தான் அவ்வாறு செய்யாமல் மறுத்துவிடுகிறது.

அந்த நாள் உண்டா?

கிரெகோரியன் நாட்காட்டியில் நெட்டாண்டைக் காணும் விதி மூன்று படிகள் கொண்டது. 4-ஆல் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு. ஆனால் 100-ஆல் வகுபட்டால் அது நெட்டாண்டு அன்று. எனினும் 400-ஆல் வகுபட்டால் அது நெட்டாண்டே. இதன்படி 2000 நெட்டாண்டு. 1900 நெட்டாண்டு அன்று. முதல் படியோடு நிறுத்தி எழுதப்பட்ட நிரல்கள் 29/02/1900 என்பதை ஏற்றுவிடும்.

பிப்ரவரி 29 பெரிய நிறுவனங்களையும் தடுமாற வைத்திருக்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அசூர் மேகக் கணிமைச் சேவை 2012 பிப்ரவரி 29 அன்று பெருமளவில் முடங்கியது. ஓராண்டு செல்லுபடியாகும் சான்றிதழ்களை உருவாக்கிய ஒரு நிரல், அன்றைய தேதியில் ஆண்டை மட்டும் ஒன்று கூட்டியது. கிடைத்தது 2013 பிப்ரவரி 29. அப்படியொரு நாள் இல்லாததால் சான்றிதழ் உருவாகவில்லை. அதைத் தொடர்ந்து சேவையும் தடைபட்டது. பைத்தானிலும் 2012 பிப்ரவரி 29 என்னும் தேதியில் ஆண்டை மட்டும் 2013 என மாற்ற முயன்றால் வேல்யூ எர்ரர் எழும். சரமாக வந்த தேதியை மட்டுமன்றி, கணக்கிட்டுப் பெற்ற தேதியையும் சரிபார்க்க வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

ஆண்டு இல்லாமல் "29/02" என்று மட்டும் கொடுத்தாலும் பைத்தான் மறுக்கும். ஆண்டு சொல்லப்படாதபோது அது 1900 என்று கொள்கிறது. 1900-இல் பிப்ரவரி 29 இல்லை.

வரலாற்றுத் தேதிகளுக்கு இன்னோர் எச்சரிக்கை உண்டு. பைத்தான் 1 முதல் 9999 வரையிலான எல்லா ஆண்டுகளுக்கும் கிரெகோரியன் விதியையே பயன்படுத்துகிறது. பிரித்தானியா இந்த நாட்காட்டிக்கு மாறியது 1752-இல். அங்கே அவ்வாண்டு செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. இடைப்பட்ட செப்டம்பர் 10 பிரித்தானிய நாட்காட்டியில் இல்லாத நாள். ஆனால் பைத்தான் அதை ஏற்கும். பழைய ஆவணங்களை எண்மியப்படுத்துவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இருபொருள் தரும் தேதிகள்

தமிழ் இலக்கணத்தில் பொதுமொழி என்று ஒருவகைச் சொல் உண்டு. 'தாமரை' என்பது தனிச்சொல்லாக நின்று ஒரு மலரைக் குறிக்கும். தா, மரை எனப் பிரிந்து நின்றால் தாவும் மானைக் குறிக்கும். எது பொருள் என்பதை அந்தச் சொல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. "03/04/2021" என்னும் சரமும் அப்படிப்பட்டது. இந்தியாவில் அது ஏப்ரல் 3. அமெரிக்காவில் மார்ச் 4. அமெரிக்கர் 9/11 என்று குறிப்பிடுவது செப்டம்பர் 11-ஐ. இந்திய முறையில் படித்தால் அது நவம்பர் 9. தமிழர் பலர் வாழும் கனடாவில் நாள் முதலில், மாதம் முதலில், ஆண்டு முதலில் என மூன்று முறைகளும் வழக்கில் உள்ளன.

இந்தக் குழப்பத்தின் அளவை எளிதாகக் கணக்கிடலாம். நாள் எண் 12-க்கு மேற்பட்டிருந்தால் அதை மாதமாகப் படிக்க இயலாது, பிழை வெளிப்பட்டுவிடும். நாள் எண் 1 முதல் 12 வரை உள்ள தேதிகள் ஓராண்டில் 12 × 12 = 144. இவற்றில் 1/1, 2/2 என இரு எண்களும் ஒன்றாக உள்ள 12 தேதிகளை எப்படிப் படித்தாலும் ஒரே நாள்தான். எஞ்சிய 132 தேதிகள் மாற்றிப் படித்தாலும் செல்லுபடியாகும் வேறொரு நாளைத் தரும். அதாவது ஆண்டின் 365 நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நாட்களில் இந்தப் பிழை எந்தச் சோதனையிலும் அகப்படாது.

பள்ளிச் சேர்க்கைக்கு வயது கணக்கிடும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். சூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி என்று கொள்வோம். 2021-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு "08/05/2016" என்று பிறந்த தேதி எழுதப்பட்டுள்ளது. மே 8 என்று படித்தால் குழந்தைக்கு இடம் உண்டு. ஆகத்து 5 என்று படித்தால் இல்லை. நிரல் பிழை சொல்லாது. குழந்தையின் பெயர் மட்டும் பட்டியலில் இருக்காது.

ஊகிக்கும் கருவிகள்

வடிவத்தைக் கேட்காமல் தானே ஊகித்துப் படிக்கும் கருவிகளும் உள்ளன. பைத்தானில் டேட்யூட்டில் என்னும் நிரலகம் அவற்றுள் ஒன்று. வேறு குறிப்பு தராவிட்டால் அது மாதமே முதலில் வருவதாகக் கொள்ளும். அது பொருந்தாவிட்டால் நாளை முதலாகக் கொள்ளும். ஆகவே "12/04/2021" திசம்பர் 4 ஆகும். அதற்கு அடுத்த நாளான "13/04/2021" ஏப்ரல் 13 ஆகும். ஒரே கோப்பில் அடுத்தடுத்த இரு வரிகள் இரு முறைகளில் படிக்கப்படுகின்றன. நாள் முதலில் வரும் என்று வெளிப்படையாகச் சொல்லும் வசதி அதில் உண்டு. அதைப் பயன்படுத்துவது நல்லது.

தரவு ஆய்வுக்குப் பயன்படும் பாண்டாஸ் நிரலகமும் முன்பு இவ்வாறே ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாக ஊகித்தது. 2023-இல் வெளியான 2.0 பதிப்பு முதல், நெடுவரிசையின் முதல் மதிப்பிலிருந்து ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, மற்றவையும் அதனோடு ஒத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. பொருந்தாதபோது பிழை எழுகிறது. அமைதியான தவறு வெளிப்படையான பிழையாக மாறியது இங்கே ஒரு முன்னேற்றமே.

ஊகத்தின் விளைவு அறிவியல் ஆய்வுகளிலும் தெரிந்தது. செப்ட்2, மார்ச்1 போன்ற மனித மரபணுக் குறியீடுகளை எக்செல் மென்பொருள் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதிகளாக மாற்றிவந்தது. எக்செல் வடிவில் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழைகள் இருந்ததாக 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. இதன் காரணமாக மரபணுப் பெயரிடல் குழு 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் இத்தகைய மரபணுக்களின் குறியீடுகளையே செப்டின்2, மார்ச்எஃப்1 என மாற்ற வேண்டியதாயிற்று.

இரண்டு இலக்க ஆண்டு

"15/08/55" என்னும் சரத்தில் ஆண்டு 1955-ஆ, 2055-ஆ? பைத்தான் இதற்கு ஒரு நிலையான விதியைப் பின்பற்றுகிறது. 69 முதல் 99 வரை உள்ளவை 1969 முதல் 1999 வரை. 00 முதல் 68 வரை உள்ளவை 2000 முதல் 2068 வரை. எனவே 1955-இல் பிறந்த முதியவர் இன்னும் பிறக்காதவர் ஆகிறார். முதியோர் பெயர்கள் உள்ள எந்தப் பட்டியலிலும் இரண்டு இலக்க ஆண்டை ஏற்கக் கூடாது. ஆண்டை நான்கு இலக்கங்களில் கேட்பதே வழி.

தமிழ் எண்களும் தமிழ் மாதப் பெயர்களும்

யூனிகோடு முறையில் ௦ முதல் ௯ வரையிலான தமிழ் எண்களும் பதின்ம இலக்கங்களே. ஆகவே பைத்தானில் "௨௦௨௧" என்னும் சரத்தை முழு எண்ணாக மாற்றினால் 2021 கிடைக்கும். வடிவத் தேடலில் 'ஏதேனும் ஓர் இலக்கம்' என்பதற்கான பொதுக் குறியும் தமிழ் இலக்கங்களை ஏற்கும். இது பயனுள்ளதுதான். ஆனால் 0 முதல் 9 வரையிலான எண்கள் மட்டுமே வரும் என்று எண்ணி எழுதப்பட்ட சோதனையில் இது எதிர்பாராத ஓட்டையாகும். வேண்டிய இலக்கங்கள் எவை என்பதைச் சோதனையில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

மாதப் பெயர்களைப் பொறுத்தவரை, வட்டார அமைப்பை மாற்றாதவரை பைத்தான் ஆங்கிலப் பெயர்களையே அறியும். "4 மார்ச் 2021" என்பதைப் பகுக்க, மாதப் பெயருக்கு நேராக மாத எண் உள்ள ஓர் அட்டவணையை நிரலில் வைத்துக்கொள்வது எளிய வழி. மார்ச், மார்ச்சு, ஜனவரி, சனவரி, ஆகஸ்ட், ஆகத்து என எழுத்து வேறுபாடுகளையும் அதில் சேர்க்க வேண்டும். சித்திரை, வைகாசி முதலிய மாதங்களை இவ்வாறு எண்ணாக மாற்றிவிட முடியாது. சித்திரை பெரும்பாலும் ஏப்ரல் 14-இல் பிறப்பதால், ஒரு தமிழ் மாதம் இரண்டு ஆங்கில மாதங்களில் பரவி நிற்கும். அதற்குத் தனி நாட்காட்டிக் கணக்கு தேவை.

ஐ.எஸ்.ஓ 8601

குழப்பத்தைத் தவிர்க்கப் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 1988-இல் ஐ.எஸ்.ஓ 8601 என்னும் தரத்தை வெளியிட்டது. நான்கு இலக்க ஆண்டு, இரண்டு இலக்க மாதம், இரண்டு இலக்க நாள் என்னும் வரிசையில் "2021-03-04" என்று எழுதுவது இதன் பரவலான வடிவம். பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்குச் செல்வதால், சரமாக வரிசைப்படுத்தினாலும் கால வரிசை மாறாது.

பைத்தான் 3.7 பதிப்பு முதல் இந்த வடிவத்தை நேரடியாகப் பகுக்க ஃப்ரம்ஐசோஃபார்மட் என்னும் செயற்கூறு உள்ளது. 3.10 வரை தேதிகளுக்கு இந்த ஒரு வடிவத்தை மட்டுமே அது ஏற்றது. 3.11 முதல் இடைக்கோடு இல்லாத "20210304" போன்ற பிற வடிவங்களையும் ஏற்கிறது. பழைய பதிப்பில் மறுக்கப்பட்ட சரம் புதிய பதிப்பில் ஏற்கப்படலாம் என்பதால், வடிவம் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடங்களில் அதைத் தனியே சோதிக்க வேண்டும்.

சரிபார்க்கும் நிரலின் படிகள்

1. சரத்தின் இரு முனைகளிலும் உள்ள இடைவெளிகளை நீக்குக. இறுதியில் ஓர் இடைவெளி இருந்தாலும் பகுத்தல் தோற்கும்.
2. சரம் வெறுமையாக உள்ளதா என்று பார்க்க. தேதி தரப்படாமை வேறு, தவறான தேதி வேறு.
3. எழுதியவர் பின்பற்றிய வடிவத்தை அறிந்து, அந்த ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்துப் பகுக்க. பல வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்ப்பதும் ஊகமே.
4. வேல்யூ எர்ரர் எழுந்தால் அதைப் பிடித்து, எந்த வரியில் எந்தச் சரம் தவறு என்பதைப் பயனருக்குச் சொல்க. 1900 சனவரி 1 அல்லது இன்றைய தேதியை இட்டு நிரப்பக் கூடாது.
5. கண்டிப்பான வடிவம் தேவையெனில், கிடைத்த தேதியை ஸ்டிர்எஃப்டைம் கொண்டு மீண்டும் சரமாக்கி, மூலச் சரத்துடன் ஒப்பிடுக. ஸ்டிர்பிடைம் முன்சுழியம் இல்லாத "4/3/2021" என்பதையும் ஏற்கும். இந்த ஒப்பீடு அதைக் கண்டுபிடித்துவிடும்.
6. பொருத்தத்தைச் சோதிக்க. பிறந்த தேதி எதிர்காலத்தில் இருக்கக் கூடாது. முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முந்தக் கூடாது.

கடைசிப் படியில் 'இன்று' என்பது எந்த ஊரின் இன்று என்பதையும் கேட்க வேண்டும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. உலகப் பொது நேரத்தில் இயங்கும் வழங்கியில், சென்னையில் அதிகாலை 3 மணிக்குப் பதிவாகும் பிறப்பு 'நாளைய' தேதியாகத் தெரிந்து மறுக்கப்படும்.

சோதித்துப் பார்க்க வேண்டிய சரங்கள்

நாள், மாதம், நான்கு இலக்க ஆண்டு என்னும் வடிவத்துக்கு எழுதிய நிரலைப் பின்வரும் சரங்களைக் கொண்டு சோதிக்கலாம்.

- 29/02/2020, 29/02/2000: ஏற்க வேண்டும்
- 29/02/2021, 29/02/1900: மறுக்க வேண்டும்
- 31/04/2021, 00/01/2021, 12/13/2021: மறுக்க வேண்டும்
- 04/03/21: மறுக்க வேண்டும்
- 4/3/2021, ௦௪/௦௩/௨௦௨௧: ஏற்பதா மறுப்பதா என்பதை முன்னரே முடிவுசெய்ய வேண்டும்
- 03/04/2021: நிரல் ஏற்கும், ஆனால் அது சரியா என்பதை நிரலால் சொல்ல முடியாது

கடைசிச் சரத்துக்கான தீர்வு நிரலுக்கு வெளியே, தேதி எழுதப்படும் இடத்தில்தான் உள்ளது. படிவத்தில் நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் வைப்பதும், மாதத்தை எண்ணாகக் கேட்காமல் பெயராகத் தேர்ந்தெடுக்கச் செய்வதும், எழுதிய தேதியை "2021 ஏப்ரல் 3, சனிக்கிழமை" என்று கிழமையுடன் திருப்பிக் காட்டி ஒப்புதல் பெறுவதும் இதற்கான எளிய வழிகள்.